கோல்டு கார்டும் நடுச் சீட்டும்

வஞ்சியம்மை கோபக்காரர். ஆனைமலை அடிவாரத்தில் இருக்கும் அவருடைய மடத்துக்கு ஒருமுறை வந்து போனவர்களுக்குக்கூட அது தெரியும். முன்பிருந்த சாமியார், தன்னைத் திட்டத் துணிந்த ஒரே ஆள் இவர்தான் என்று சொல்லி, சின்ன வயதிலேயே மடத்தை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். சீடர்களில் பாதிப்பேர் அம்மையைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை அம்மா என்று கூப்பிட்டார்கள். அவர் அவர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டார். திட்டும்போதும் அண்ணாதான்.

சென்னியப்பன் அந்த மூத்த சீடர்களில் ஒருவர். கோயமுத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனிக்கு வடக்கே ஊர் ஊராகப் போய் வியாபாரம் பிடித்துத் தருகிறவர். வாரம் தவறாமல் விமானத்தில் போவார், வருவார்.

மடத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பந்திக்கு ஒரு முறை உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் இலை. பழைய ஆட்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார வேண்டும். மடத்துக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கிப் போட்ட பிறகு சென்னியப்பன் முதல் இலையில் உட்கார ஆரம்பித்தார். யாரும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் சொல்லவில்லை.

மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர் மனைவி சுலோச்சனாவோடு வந்தார். காரில் இருந்து இறங்கும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. சுலோச்சனாவின் முகமும் அப்படித்தான் இருந்தது. தன் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று சென்னியப்பனுக்குத் தெரியும். அவள் முகத்தை அவர் கவனிக்கவில்லை.

அம்மை முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சென்னியப்பன் கும்பிட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். சுலோச்சனா தூணோரம் உட்கார்ந்தாள்.

"ஒரு கேள்விங்கம்மா."

"கேளுங்ணா."

அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். மஞ்சளாக மின்னியது. விமானக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த கோல்டு கார்டு என்றார். பறந்த தூரத்துக்குத் தகுந்தபடி மைல் சேரும், மைல் சேர்ந்தால் கார்டு வரும் என்று விளக்கினார். பல வருஷம் கட்டிக் காத்த கார்டு அது. இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்கள். வருஷம் முடிவதற்குள் இன்னும் ஒரு தடவை டெல்லிக்குப் போய் வராவிட்டால் கார்டு போய்விடும். ரத்தத்தைச் சிந்தி அவர்களுக்கு வியாபாரம் கொடுத்தவன் நான், என்னிடமே இப்படிச் செய்கிறார்கள் என்று குரல் உயர்ந்தது.

"டெல்லியில என்ன வேலைங்ணா?"

"வேலை ஒண்ணும் இல்லீங்கம்மா. போயிட்டு அதே பிளேன்ல திரும்பிர வேண்டியதுதான். கார்டு வெச்சிருக்கற நாலு பேரு அப்படித்தான் பண்றாங்க."

"ஏர்ப்போர்ட்டை விட்டு வெளிய வரமாட்டீங்களா?"

"எதுக்குங்க வெளிய வரணும்?"

அம்மை ஒரு கீரைத் தண்டை ஒடித்தார்.

"சேர்ந்த மைலுக்கு இனாம் டிக்கெட் குடுப்பாங்கன்னு சொன்னீங்களே ஒருக்கா. அக்காளைக் கூட்டிக்கிட்டு மக ஊருக்குப் போறேன்னீங்க."

"குடுப்பாங்க. ஆனா இனாம் டிக்கெட்டுல போனா கார்டுக் கணக்குல சேராதுங்க. அதனால தள்ளிக்கிட்டே போகுது."

"சும்மா போயிட்டு வர்றதுக்குக் காசு குடுப்பீங்க. காசில்லாம மகளைப் பாத்துட்டு வாங்கன்னா போகமாட்டீங்க."

சென்னியப்பன் சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை.

"அந்தக் கார்டு இருந்தா என்ன கிடைக்கும்?"

வரிசையில் நிற்க வேண்டாம் என்றார். வரிசையில் நிற்காமல் போவது நல்லதுதான், எனக்கும் முட்டி வலி இருக்கிறது என்று அம்மை ஒத்துக்கொண்டார். தனியாக ஒரு அறை, அதில் சாப்பாடு, சோபா என்றார். பல நாள் ராப்பட்டினி கிடந்து ஊர் சுற்றியவனுக்குச் சூடான சாப்பாடு பெரிசுதான் என்று அதையும் அம்மை ஒத்துக்கொண்டார்.

"அப்புறம், இறங்கினதும் நம்ம பொட்டி முதல்ல வந்துரும்."

"முதல்ல வந்ததும் எடுத்துக்கிட்டுப் போயிருவீங்க."

"தனியாப் போனாப் போயிருவேன். கூட ஆள் வந்திருந்தா அவங்க பொட்டி வர்ற வரைக்கும் நிக்கோணும்."

தூணோரம் சுலோச்சனா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் மேல, முன்னாடி பிசினஸ் கிளாஸ்ல எடம் காலியா இருந்தா நம்மளைக் கூப்பிட்டு உக்கார வெப்பாங்க. பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க. அதாங்கம்மா என் கேள்வி. இத்தனை செலவுக்கும் இது பெறுமானந்தானா? இன்னொரு தடவை போய்க் கார்டைக் காப்பாத்திக்கட்டுமா, விட்டுத் தொலைக்கட்டுமா?"

எந்தத் தேதியில் போகப் போகிறீர்கள் என்று அம்மை கேட்டார். அவர் தேதியைச் சொன்னார். அந்த ஒரு நாளில்தான் இடம் இருக்கிறது என்றார்.

"அன்னைக்கு எங்கண்ணனுக்கு வருசத் திதிங்கம்மா" என்றாள் சுலோச்சனா. "பேரூர் ஆத்தங்கரையில."

அவள் பேசியது அவ்வளவுதான். அவளுடைய அண்ணன் வேலுச்சாமி டெல்லியில் ரயில்வேயில் இருந்தவர். சென்னியப்பன் டெல்லிக்குப் போகும்போதெல்லாம் விமான நிலைய வாசலில் தூக்குப்போசியோடு வந்து நிற்பார். மாப்பிள்ளைக்கு அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று அரிசியும்பருப்புச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவருவார்.

"திதி குடுக்கறது அவங்க பையன். நான் இருந்துதான் ஆகோணும்னு இல்லீங்களே" என்றார் சென்னியப்பன். "எப்படியும் ராத்திரிக்குள்ள வந்துருவேன்."

"அக்கா உங்களோட பிளேன்ல போயிருக்காங்களா?"

"ஒரே ஒரு தடவைங்க. மச்சானுக்கு முடியலைன்னு போன வருசம் ரெண்டு பேரும் கிளம்பினமே, அப்பத்தான்."

அந்தப் பயணத்தை அவரே சொன்னார். விமானத்தில் ஏறப் போகிற நேரத்தில் டெல்லியில் இருந்து போன் வந்தது. மச்சான் போய்விட்டார். சுலோச்சனா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர்தான் கையைப் பிடித்து எழுப்பி வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்து முன்னால் ஒரு இடம் காலியாக இருக்கிறது, உங்களுக்குத் தருகிறோம் என்றார்கள். ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

"அத்தனை துக்கத்துலயும் நமக்குன்னு ஒரு மரியாதை பண்ணினாங்க பாருங்க. அதுதான் இந்தக் கார்டு."

"அக்கா?"

"பின்னாடி அவ சீட்டுலதான். பக்கத்துல என் எடத்தை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. நான் சும்மா விட்ருவனுங்களா? ஜூஸ் குடுத்தனுப்பினேன்."

அம்மை கீரையை அப்படியே முறத்தில் போட்டார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. திட்டு விழப்போகிறது என்று சமையற்கட்டில் இருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அம்மை திட்டவில்லை. எழுந்து மடியை உதறினார்.

"முதல்ல சாப்பிடுவோம்ங்ணா. பதில் அப்புறம் சொல்றேன்."

அன்று பழனிக்கு மாலை போட்டவர்கள் ஒரு லாரி நிறைய வந்திருந்தார்கள். முற்றம் முழுக்க இலை விழுந்தது. சென்னியப்பன் வழக்கம்போல முதல் இலையைப் பார்த்து நடந்தார். அம்மை அவரைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு அங்க இல்லீங்ணா. உள்ள வாங்க."

அம்மையின் அறைக்குள் இதுவரை யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. மணைப்பலகை போட்டிருந்தது. முழுசாக ஒரு தலைவாழை இலை. மின்விசிறி ஓடியது. பரிமாற அவருக்கென்று தனியாக ஒரு ஆள். அவர் உட்கார்ந்ததும் அம்மை வாசலில் தொங்கிய நீலத் திரையை இழுத்துவிட்டார்.

சென்னியப்பனுக்கு மனசு குளிர்ந்தது. விமானக் கம்பெனிக்காரன் மதிக்காவிட்டால் போகிறான், நம் அருமை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பருப்பும் நெய்யும் விட்டுச் சாப்பிட்டார். ரசம் சாப்பிட்டார். பரிமாறுகிற ஆளிடம் ஊர் பேர் விசாரித்தார். இரண்டாம் முறை பாயசம் வந்தபோதுதான் அவருக்கு மனைவியின் நினைவு வந்தது.

"வெளிய எங்க வீட்ல இருக்காங்க. அவங்களுக்கும் ஒரு டம்ளர் குடுத்துருங்க. நான் குடுக்கச் சொன்னேன்னு சொல்லுங்க."

அந்த ஆள் டம்ளரோடு திரையை விலக்கிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். டம்ளர் நிறைந்தபடியே இருந்தது.

"வேண்டாம்னுட்டாங்க."

அம்மை வந்து திரையை ஒரே இழுப்பாக இழுத்தார். கம்பியில் இருந்து வளையங்கள் தெறித்து விழுந்தன.

கடைசி வரிசையில், கை கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில் சுலோச்சனா உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் முன்பின் தெரியாத இரண்டு ஆட்கள். அவர்களுடைய முழங்கை இடிக்காமல் இருக்கத் தோளைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது.

சென்னியப்பன் பாயசக் கையோடு அப்படியே பார்த்தார்.

"அக்கா" என்றார் அம்மை. "சொல்லணும்னா இப்பச் சொல்லுங்க."

சுலோச்சனா அம்மையைப் பார்த்துத்தான் பேசினாள். குரல் உயரவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தானுங்கம்மா ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு. சார் குடுக்கச் சொன்னாருன்னு சிரிச்சுது. ரெண்டு பக்கமும் ரெண்டு ஆம்பளைங்க. நான் அழுகறதைப் பாத்துட்டு ஒருத்தர் இந்தியில என்னமோ கேட்டார். எங்கண்ணன் செத்துப்போச்சுன்னு சொல்றதுக்கு எனக்கு இந்தி தெரியாதுங்கம்மா. அவர் பாவம், தன்னோட துண்டை எடுத்துக் குடுத்தார்."

பக்கத்தில் இருந்த பழனி பக்தர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"இத்தனையும் மனசுல வெச்சிருந்தியா?" என்றார் சென்னியப்பன். "அப்பவே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லிருக்கலாமல்ல?"

அப்போதுதான் அவள் அவரைப் பார்த்தாள்.

"வந்தேன். எந்திரிச்சு உங்ககிட்டத்தான் வந்தேன். நடுவுல திரை போட்டிருந்தாங்க. அதைத் தாண்டி நான் வரக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிருச்சு. திரைச் சந்துல பாத்தேன். நீங்க செருப்பைக் கழட்டிட்டுக் காலை நீட்டித் தூங்கிக்கிட்டிருந்தீங்க."

அவள் இலையைத் தனக்கு எதிர்ப்பக்கமாக மடித்தாள். சாவு வீட்டில் சாப்பிட்டவர்கள்தான் அப்படி மடிப்பார்கள். குழாயில் கையைக் கழுவினாள். அம்மையைக் கும்பிட்டாள். காரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பஸ் நிற்கும் புளியமரத்தைப் பார்த்து நடந்தாள்.

சென்னியப்பன் எழுந்து வெளியே வந்தார். கை கழுவத் தோன்றவில்லை. இடது கையால் சட்டைப் பையைத் துழாவி அந்தக் கார்டை எடுத்து அம்மையிடம் நீட்டினார்.

"எனக்கு இது வேண்டாங்கம்மா. நீங்களே வெச்சுக்கங்க. ஒடைச்சுப் போடுங்க."

அம்மை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கிட்ட எதுக்கு நீட்டறீங்க? அன்னைக்கு நடுச் சீட்டுல உக்காந்திருந்தது நானா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. மலைப்பக்கம் பஸ் வளைந்து வரும் சத்தம் கேட்டது. சென்னியப்பன் பதறிப்போய், டிரைவரைக் கூப்பிட்டு காரை அந்த மரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறேன், அவளை முன் சீட்டிலேயே உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார்.

அம்மைக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"காரை விடுங்ணா. பஸ்ஸுல அவங்களுக்குப் பக்கத்துல எடம் இருக்குதான்னு ஓடிப் போய்க் கேளுங்க."