கொம்பு முளைக்காத துடி

மேகம் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மலைக்காட்டில், புல்கூட முளைக்காத மொட்டைப் பாறை ஒன்று இருந்தது. குழந்தைகளே, அந்தக் காட்டுக் குட்டிகளுக்கு அந்தப் பாறை என்றால் உயிர். தீனி வேண்டாம், தூக்கம் வேண்டாம், பாறை போதும்!

அப்படி என்ன இருக்கிறது அங்கே என்கிறீர்களா? பாறையைச் சுற்றி மைனாக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். மேலே ஏறி யார் ஆடினாலும், பாடினாலும், குட்டிக்கரணம் போட்டாலும் மைனாக்கள் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். மரத்துக்கு மரம், மலைக்கு மலை பறந்து போய் நடித்துக் காட்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொன்று. பார்க்க உட்கார்ந்த முயல் மேய மறந்துவிடும். குரங்கு பேன் பார்க்க மறந்துவிடும். அப்படியொரு பைத்தியம்!

ஆனால் நினைத்தவரெல்லாம் பாறையில் ஏறிவிட முடியாது. ஏறும் வழியை அடைத்துக்கொண்டு ஓர் உடும்பு படுத்திருக்கும்.

"கொம்பு முளைச்சாச்சா? ஏறு. முளைக்கலையா? அப்புறம் வா."

அவ்வளவுதான் அதன் விசாரணை. கொம்பே இல்லாத இனமாக இருந்தால், "உங்க அம்மா வந்து சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்.

சருகுமானுக்குக் கொம்பு கிடையாது. முயலைவிடக் கொஞ்சம் பெரிய மான் அது. சருகோடு சருகாகப் பதுங்கிப் பிழைக்கும். ஆபத்து என்றால் பின்னங்காலால் தரையைத் தடதடவென்று தட்டும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் மற்றச் சருகுமான்கள் நின்ற இடத்திலேயே மூச்சடக்கி அசையாமல் நின்றுவிடும். வடிவு என்கிற தாய்ச் சருகுமானும் அப்படிப் பதுங்கியே வளர்ந்தவள். வெட்டவெளியில் தலைகாட்டியதே இல்லை.

அவளுக்கு வாய்த்த மகளோ, அடேயப்பா! பெயர் துடி. இனமே பயந்து தட்டுகிற தட்டலை இவள் தாளமாக்கினாள். டக்கு டக்கு டகடக என்று அவள் ஆட ஆரம்பித்தால் சருகெல்லாம் எழுந்து கூடவே ஆடும்.

"அம்மா, எல்லாரும் ஏறுறாங்கம்மா! நான் மட்டும்தான் சருகுக்குள்ளே கிடக்கேன்" என்று தினமும் துடி நச்சரித்தாள்.

தாங்க முடியாமல் ஒருநாள் வடிவு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். "சும்மா பார்த்துட்டு வந்துடணும். தெரிஞ்சுதா?"

வரிசையில் அவர்களுக்கு முன்னால் மருதன் என்ற புள்ளிமான் குட்டி நின்றான். தலையில் இரண்டு கொம்பு. நேற்றுவரை இல்லாத கொம்பு! காய்ந்த குச்சிகளை மரப்பிசின் வைத்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான் திருட்டுப் பயல்.

உடும்பு அரைக்கண்ணால் பார்த்தது. "கொம்பு இருக்கு. ஏறு."

மருதன் ஏறினான். அழகாகத்தான் துள்ளினான். வெயிலில் பிசின் இளகியது. ஒரு குச்சி பொத்தென்று விழ, மற்றொன்று சரிந்து காதோரம் தொங்கியது. பாறையடியில் ஒரே சிரிப்பு. மைனாக்களுக்குச் சொல்லவா வேண்டும்!

"கொம்பு விழுந்துச்சு டோய்! கொம்பு விழுந்துச்சு டோய்!" என்று திசைக்கொன்றாகப் பறந்தன.

"போதும், நிறுத்துங்க!" என்று மருதனின் தாய் பின்னாலேயே ஓடினாள். பறந்துபோன மைனாவை யாரால் திருப்பிக் கூப்பிட முடியும்? பாவம், மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

சிரிப்புச் சத்தத்தில் வடிவு பக்கத்தில் பார்த்தாள். துடியைக் காணோம்! பதறிப்போய்த் தேடினால், புதருக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த மருதனுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அழாதடா. உன் துள்ளல் நல்லாத்தான் இருந்துச்சு. நான் பார்த்தேன்ல?" என்றாள் துடி. அவனைச் சிரிக்கவைக்க டக்கு டக்கு டகடக என்று ஒரு தாளமும் தட்டிக் காட்டினாள்.

என் மகள் நல்ல மகள் என்று வடிவுக்கு மனம் குளிர்ந்தது. அதற்குள் தலைக்குமேல் கிளையில் ஒரு சிறகடிப்பு கேட்டது. ஒரு மைனா அந்தத் தாளத்தைக் கொத்திக்கொண்டு பறந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் காடு முழுக்க, "துடி தாளம் டோய்! டக்கு டக்கு டகடக!"

"கேட்டியா அம்மா? எல்லா மரத்துலயும் என் தாளம்!" துடிக்குத் தலைகால் புரியவில்லை.

வடிவுக்கும் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. ஒளிந்து பிழைக்கிற இனத்தில் பிறந்த குட்டியின் பெயர் இன்று எந்தெந்தக் காதில் விழுந்ததோ?

"பாறை இப்ப வேணாம் கண்ணு" என்றாள்.

"அப்போ எப்பம்மா?"

வடிவு மகளின் கொம்பில்லாத தலையைப் பார்த்தாள். கொம்பு முளைக்கிற இனமாகப் பிறந்திருந்தால் எவ்வளவு சுலபம்! தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடலாமே. இவளை எதை வைத்து அளப்பது?

"ஆகா, ஓகோன்னு கத்துறவங்க முகம் உனக்குத் தெரியும். புதருக்குள்ளே உட்கார்ந்து கேட்கிறவங்க முகம் தெரியுமா? யார் என்ன பேசினாலும் என்கிட்ட வந்து சொல்லு. நான் திட்ட மாட்டேன்."

"ம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் துடி. அந்த 'ம்' மனதிலிருந்து வந்ததா, வாயிலிருந்து மட்டும் வந்ததா என்று தாய்க்கே தெரியவில்லை.

சில நாட்கள் போயின. ஒரு காலையில் ஓடைக்கு அக்கரையில் துடி அத்திப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இக்கரையில் வடிவு தண்ணீர் குடிக்கக் குனிந்தாள். அப்போது அக்கரை மூங்கில் புதருக்குள்ளிருந்து தேன் சொட்டுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"துடி! நீ துடிதானே? மைனா பாடிப்பாடி உன் தாளம் எனக்கு மனப்பாடம்!"

"யாரு?" என்றாள் துடி.

"நானும் உன்னை மாதிரி ஒரு சருகுமான் குட்டிதான். பக்கத்து மலை. கூச்சமா இருக்கு, அதான் வெளியே வரலை. உன்னை மாதிரி ஆட இந்த உலகத்துலேயே ஆள் இல்லை!"

துடி புதரை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

வடிவு இருந்த பக்கத்திலிருந்து மூங்கிலின் இடைவெளி தெரிந்தது. அங்கே நுனியில் கறுப்பு வளையம் போட்ட ஒரு வால் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காட்டுப்பூனை!

ஐயோ, காலைத் தட்டி எச்சரிக்கலாமா? தட்டினால் துடி இனத்தின் வழக்கப்படி நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றுவிடுவாள். பூனைக்கு எட்டுகிற தூரத்தில்! கத்தினாலும் அதே கதிதான். வடிவு சத்தம் போடாமல் ஓடையில் இறங்கினாள். தண்ணீர் மார்பளவு. அவளால் வேகமாக நகர முடியவில்லை.

"உள்ளே வா துடி. எனக்கு மட்டும் ஒரு தடவை ஆடிக் காட்டு. உன் அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. பெரியவங்களுக்கு நம்ம அருமை எங்கே புரியுது?"

துடியின் கால் நின்றது. காது நிமிர்ந்தது.

"ஏன் அம்மாகிட்ட சொல்லக் கூடாது?"

"அது... நம்ம ரெண்டு பேருக்குள்ளே ஒரு ரகசியம், அவ்வளவுதான்."

துடி மெல்ல இரண்டடி பின்னால் போனாள். "சரி. நீயும் சருகுமான்தானே? காலைத் தட்டிக் காட்டேன்."

புதருக்குள்ளிருந்த குரல் இழுத்தது. "கால்ல முள்ளு குத்தியிருக்கு."

"பரவாயில்லை. மெல்ல ஒரே ஒரு தட்டு."

பூனைக்கு வேறு வழியில்லை. தட்டியது. பஞ்சு மாதிரிப் பாதம் அல்லவா? பொசுக்கென்று ஒரு சத்தம்தான் வந்தது.

"சருகுமானுக்குப் பிறக்கும்போதே குளம்பு உண்டு. உன் குளம்பு எங்கேடா, பஞ்சுப் பாதப் பூனை?" என்று கேட்டபடியே துடி பின்னால் பாய்ந்தாள். அத்திமரத்து வேர்மேல் ஏறித் தட்டினாள் பாருங்கள்! ஆட்டத் தாளம் இல்லை, ஆபத்துத் தாளம். தடதடதடதட!

மரத்திலிருந்த மைனாக்கள் அதையும் பிடித்துக்கொண்டு பறந்தன. மரத்துக்கு மரம் தடதடதட. முயல்கள் வளைக்குள் புகுந்தன. சருகுமான்கள் சருகோடு சருகாக அசையாமல் நின்றன. குரங்குகள் உச்சிக்கிளையில் ஏறி, "அதோ பூனை, இதோ பூனை" என்று போன இடமெல்லாம் காட்டிக் கொடுத்தன. வாலைச் சுருட்டிக்கொண்டு மலையை விட்டே ஓடியது காட்டுப்பூனை.

நனைந்து நடுங்கிக் கரையேறிய தாயிடம் துடி ஓடி வந்து விழுந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"புதருக்குள்ளே ஒருத்தன்மா! அவன் புகழ்ந்தப்ப எனக்கு நல்லா இருந்துச்சு. நான் ஓரடி வச்சுட்டேன்மா, தப்புதான். உன்கிட்ட சொல்லாதேன்னான். அப்பத்தான் இவன் சரியில்லைன்னு தோணுச்சு."

வைத்துவிட்ட அந்த ஓரடியைக்கூட அவள் மறைக்கவில்லை. வடிவு மகளின் நெற்றியை நக்கி நக்கிக் கொடுத்தாள். "என் தங்கமே! என் ராசாத்தி!" என்று கொஞ்சினாள்.

மறுநாள் வடிவே மகளை மொட்டைப் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உடும்பு கண்ணைத் திறந்து இளித்தது.

"என்ன வடிவு, மகளுக்குக் கொம்பு முளைச்சிருச்சா?"

வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். வடிவு குனியவில்லை.

"முளைக்கலை உடும்பண்ணே. முளைக்கவும் முளைக்காது. பூனை இனிக்க இனிக்கப் பேசினப்ப என் மக அதுக்கே பரீட்சை வச்சா. அப்புறம் தான் செஞ்ச தப்பையும் சேர்த்து என்கிட்ட வந்து சொன்னா. அம்மா சொன்னாப் போதும்னீங்களே? சொல்றேன். என் மக தயார்!"

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். உடும்பு முதல் தடவையாக எழுந்து ஒதுங்கி வழிவிட்டது.

துடி ஏறி ஆடினாள். காடே ஆகா என்றது. பிறந்ததிலிருந்து பதுங்கியே பழகிய வடிவு, பாறைக்கு எதிரே வெயில் கொட்டுகிற வெட்டவெளியில் எல்லாரும் பார்க்க வந்து நின்று, "அதோ ஆடுறாளே, அவ என் மக!" என்றாள்.

நீதி: இனிப்பான பேச்சில் இருக்கும் தீமையை இனங்கண்டு, நடந்ததைப் பெற்றவரிடம் மறைக்காமல் சொல்லத் தெரிந்த பிள்ளையே ஊரறிய மேடையேறத் தகுந்த பிள்ளை.