எந்த ஃபைல் சிஸ்டம், குருவே?

"வௌவால் சார் இன்னிக்கும் டிஸ்க்கை அழிச்சு ஃபார்மேட்தான் போல."

தண்ணீர் கேனருகே ஒரு மாணவி சொன்னாள். இன்னொருத்தி சிரித்தாள்.

தூணுக்கு இந்தப் பக்கம் தம்ளரோடு நின்றிருந்த விலங்கியல் ஆசிரியர் கோவர்த்தனன், தண்ணீரைக் குடிக்காமலேயே மாடியேறினார்.

மூன்றாம் மாடியில் கணினி ஆய்வகம். அதைப் பார்த்துக்கொள்பவர் நஸ்ரின். கோவர்த்தனனைவிடப் பத்து வயது இளையவர். ஆய்வகக் கணினிகளில் ஓடும் லினக்ஸில் எந்தச் சந்தேகம் வந்தாலும் கல்லூரி அவரிடம்தான் ஓடும்.

"இன்னிக்கு ஒரு பதில் சொல்லியே ஆகணும், குருவே."

"கேலியா, சார்?"

"நிஜமாத்தான் கேக்கறேன். என் புது டிஸ்க்குல ஃபைல்களை அடுக்கிவைக்க எந்த ஃபைல் சிஸ்டம்?"

நஸ்ரின் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"முந்தாநாள் எக்ஸ்ட் ஃபோர் போட்டீங்களே?"

"போட்டேன். ரிக்கார்டிங் எல்லாம் பாதி காப்பி ஆயிடுச்சு. அப்புறம் படிச்சா, ஃபைலுக்குள்ள தானா ஏதாவது கெட்டுப்போனா அது கண்டுபிடிக்காதாம். அழிச்சிட்டேன்."

"நேத்து?"

"பட்டர் எஃப்எஸ். அதுலயும் பாதி காப்பி ஆச்சு. நெட்ல ஒரு ஃபோரம்ல ஒருத்தர் அழாத குறையா எழுதியிருந்தாரு. பயந்துட்டேன்."

"அழிச்சாச்சு."

"காலைல எக்ஸ்எஃப்எஸ். அதைப் பின்னால சின்னதாக்க முடியாதாம்."

"எதுக்குச் சின்னதாக்கணும்?"

"தெரியல. ஆனா முடியாதுன்னு தெரிஞ்சப்புறம் எப்படி நிம்மதியா இருக்கறது?"

கோவர்த்தனன் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். மின்விசிறியைக் கூட்டினார். மறுபடி குறைத்தார்.

"அப்படி என்ன சார் இருக்கு அந்த ரிக்கார்டிங்ல?"

"நரிப்பாறைக் குகை வௌவால்ங்க. அதுங்க சத்தம் நம்ம காதுக்குக் கேக்காது, மெதுவாக்கித்தான் கேக்கணும். நான் பதிவு பண்ணி முடிச்ச மறுவருஷம் பாறைக்கு வெடி வெச்சுட்டாங்க. இப்பக் குகையும் இல்ல, அதுங்களும் இல்ல."

"ரிக்கார்டிங் எங்க இருக்கு?"

கோவர்த்தனன் பையிலிருந்து பழைய டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வேற எங்க காப்பி இருக்கு?"

"வேற எங்கயும் இல்ல. அதான் புதுசுல போடணும். அதுக்குத்தானே எந்த ஃபைல் சிஸ்டம்னு..."

"இதுல என்ன ஃபைல் சிஸ்டம்?"

கோவர்த்தனன் விழித்தார்.

"கடையில வாங்கினப்ப என்ன இருந்துச்சோ, அது."

நஸ்ரின் பழைய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கதவைத் தள்ளினார். டிஸ்க்கோடு கையை வெளியே நீட்டினார். கீழே சிமென்ட் தரை.

"மேடம்!"

குருவே போய் மேடம் வந்திருந்தது.

"சொல்லுங்க சார். எதுல போட்டிருந்தா பிழைக்கும்?"

"விளையாடாதீங்க. வழுக்கிடப் போகுது."

"எக்ஸ்ட் ஃபோர்? பட்டர் எஃப்எஸ்?"

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை. நஸ்ரினின் கை அசையவில்லை.

கோவர்த்தனன் ஜன்னலருகே வந்து உள்ளங்கையை ஏந்தினார்.

நஸ்ரின் கையை உள்ளே இழுத்து, டிஸ்க்கை அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

"நான் சாப்பிடப் போறேன், சார்."

ஆய்வகத்தில் கோவர்த்தனன் மட்டும் இருந்தார்.

இரண்டு டிஸ்க்குகளையும் கணினியில் செருகினார். புதியதற்கு எந்த ஃபைல் சிஸ்டம் என்று திரை கேட்டது. ஏதோ ஒரு பெயர் முன்பே தேர்வாகியிருந்தது. அவர் அதைப் படிக்காமல் என்டரைத் தட்டினார்.

காப்பி ஓடியது. அவர் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். எந்த ஃபோரத்தையும் திறக்கவில்லை.

மாலையில், பேருந்து நிலையத்துப் பார்சல் கவுன்டரில் ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினார். உள்ளே, துண்டில் சுற்றிய புது டிஸ்க்; பழையது அவருடைய பையிலேயே இருந்தது. மேலே, திருநெல்வேலியில் இருக்கும் தங்கை வீட்டு முகவரி.

"உள்ள என்ன சார்?"

"வௌவால்."

கவுன்டர்காரர் கையை இழுத்துக்கொண்டார்.

"சத்தம் மட்டும்தான், அண்ணே."

கோவர்த்தனன் பெட்டியைத் தானே தராசில் வைத்தார்.