மாடு நின்ற மண்

“மாடுகளையெல்லாம் வித்துடலாமுங்களா, அம்மா?”

வந்ததும் வராததுமாகக் கேட்டார் குப்பண்ணன். ஆசிரமத்து மாடுகளைப் பார்த்துக்கொள்பவர். குருவான செண்பகம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவர் முன்னால் உட்காரமாட்டார்.

“என்ன ஆச்சுங்க, குப்பண்ணா?”

“டவுனுல ஒரு கூட்டத்துக்குப் போனேனுங்க. மாடு மூத்திரம் பெய்யுற மண்ணுலருந்து ஒரு வாயு கெளம்புதாம். அதுலதான் வானமே சூடாகுதாம். நான் கன்னுலருந்து வளர்த்ததுங்க. உலகத்தைக் கொளுத்தவா வளர்த்தேன்?”

தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கினார்.

“யாவாரி சாயங்காலம் வர்றாருங்க. சரின்னு சொல்லிட்டேன்.”

செண்பகம்மா ஒரு குடம் தண்ணீரை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். குப்பண்ணன் பின்னாலேயே போனார்.

மேய்ச்சல் காட்டுக்கு நடுவே ஒரு முள்வேலி. வேலிக்கு இந்தப் பக்கம்தான் வருஷம் முழுக்க மாடுகள் நின்றன. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருந்ததால் குப்பண்ணனுக்கு அதுதான் வசதி.

புல்லே இல்லாத தரையில் செண்பகம்மா கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

தண்ணீர் அப்படியே நின்றது.

வேலியைத் தாண்டிப் போனார். அங்கே கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் இருந்தது. அதன் தூரில் ஊற்றினார்.

தண்ணீரைக் காணோம்.

“அங்கே மாடு மூத்திரம் பெஞ்சா?”

“மேலேயே தேங்குமுங்க. மிதிபட்டு மண்ணு கல்லாட்டம் ஆயிடுச்சு. மழை பேஞ்சா மூக்கை எரிக்கும்.”

“இங்கே?”

குப்பண்ணன் குனிந்து புல்லை விலக்கி விரலை விட்டார். மண் குளிர்ந்து, பொலபொலவென்று இருந்தது. வேர் வேராகக் கையோடு வந்தது.

“உள்ளே போயிருமுங்க. புல்லு குடிச்சுக்கும்.”

சொல்லிவிட்டுக் கையிலிருந்த மண்ணையே பார்த்தார்.

“அப்போ மாட்டு மேல குத்தம் இல்லீங்களா, அம்மா?”

“மாடு ஏப்பம் விடும். அதுலயும் வாயு உண்டுதான். இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். காடு தாங்குற அளவுக்கு மேல மாடு சேர்க்காதீங்க.”

“சரிங்க.”

“ஆனா ஒரே இடத்துல நில்லுன்னு அதுகிட்டே யார் சொன்னது?”

குப்பண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி எறிந்தாற்போல் இருந்தது.

போனை எடுத்தார்.

“யாவாரிங்களா? வர வேண்டாமுங்க. இல்லீங்க, வெலைக்காக இல்லீங்க. மாடு குடுக்கறதில்லை, அவ்வளவுதான்.”

வேலிப் படலை இழுத்துத் திறந்தார். மாடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கின. கடைசிக் கிடாரி உள்ளே போனதும் படலைச் சாத்திக் கட்டினார். மொட்டைத் தரை வெறுமையாகக் கிடந்தது.

“அம்மா! மறுபடி அந்தப் பக்கம் எப்போ ஓட்டட்டுங்க?”

செண்பகம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார்.

“புல்லு கூப்பிடுமுங்க, குப்பண்ணா.”