தேளின் வாலருகே ஒரு புள்ளி

தென்காசியில் மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பேச்சியப்பன், அறுபது வயதுக்கு மேல்தான் வானம் பார்க்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா, கல்லூரியில் இயற்பியல் நடத்துபவர். வயதில் பேச்சியப்பனின் மகளைவிட இளையவர். ஊர் அதைச் சொல்லிச் சிரித்தது. பேச்சியப்பன் எல்லோர் முன்னாலும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

சாரல் காலத்தில் ஒரு நாள், பொழுது சாய்ந்த கையோடு மேகம் சற்றே விலகியது. பேச்சியப்பன் மாடியில் முக்காலியை நிறுத்தி, தெற்கே தேள் வடிவில் தெரியும் விருச்சிகத்தின் வால் பக்கத்தை ஒரு படம் எடுத்தார். அடுத்த படத்துக்குள் மேகம் மூடிக்கொண்டது.

அந்த ஒரு படத்தில், தேளின் வால் வளைவுக்கு மேலே ஒரு புள்ளி இருந்தது. பழைய படங்களில் அந்த இடம் வெறும் இருட்டு. கோள் எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை; சிறுகோளும் இல்லை. நேற்றுவரை கண்ணுக்கே எட்டாமல் கிடந்த நட்சத்திரம் ஒன்று திடீரென்று வெடித்துப் பிரகாசித்தால்தான் அப்படித் தெரியும்.

அவர் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார்.

"டீச்சர், எனக்கு ஒரு புது நட்சத்திரம் கெடச்சிருக்கு."

ஜெசிந்தா முழுவதையும் கேட்டுக்கொண்டார். எத்தனை படம் என்று விசாரித்தார். ஒன்றுதான் என்றதும், இன்னொன்று எடுக்கும்வரை வானியல் மையத்துக்கோ வேறு யாருக்குமோ அறிவிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு சாரல் விடவே இல்லை. பேச்சியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மேகமில்லாத ஏதோ ஒரு தேசத்தில் எவனோ ஒருத்தன் இந்நேரம் அதைப் பார்த்திருப்பான், தன் பெயரில் அறிவித்திருப்பான் என்று நினைத்தால் வயிறு எரிந்தது. முந்திக்கொண்டு தானே அறிவித்து, அது பொய்யாகிப் போனால்? பெரிய பெரிய தொலைநோக்கிகளை வீணாகத் திருப்பவைத்தவர் என்று உலகமே பேசும். போதாக்குறைக்கு மச்சினனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவன் பிளக்ஸ் போர்டு அடிக்க ஆளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம் கல்லூரிக்கே போய் நின்றார்.

"என் கண்ணால பாத்தேன் டீச்சர். அது போதாதா?"

"கேமராவுக்குள்ளயே சில நேரம் பொய்ப்புள்ளி விழும் அண்ணாச்சி. வரும், போயிரும்."

"ரெண்டும் பாக்க ஒண்ணுபோல இருந்தா, எது நெசம்னு எப்படித் தெரியும்?"

ஜெசிந்தா ஜன்னல் வழியாக மலைப் பக்கம் பார்த்தார். காற்று திரும்பியிருந்தது. சாயங்காலம் கேமராவை எடுத்துக்கொண்டு கல்லூரி மாடிக்கு வரச் சொன்னார்.

மாடி நனைந்து கிடந்தது. இருட்டத் தொடங்கியபோது மேகம் கிழிந்து, தெற்கே தேளின் வால் வெளியே வந்தது. பேச்சியப்பன் பழைய படத்தின் அதே கோணத்தில், பார்த்துப் பார்த்துக் கேமராவைப் பொருத்தினார். ஜெசிந்தா ஒரு படம் எடுத்தார்.

புள்ளி இருந்தது.

பேச்சியப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அறிவிப்பை எப்போதோ எழுதி வைத்திருந்தார், அனுப்புவதுதான் பாக்கி. ஜெசிந்தா அந்தப் போனை மெல்ல வாங்கிக்கொண்டார். பிறகு கேமராவின் மேல் இரண்டு விரலை வைத்து, ஒரு பக்கமாகச் சற்றே திருப்பிவிட்டார்.

பேச்சியப்பனுக்குச் சுருக்கென்றது. அவ்வளவு பாடுபட்டு நிறுத்தியது.

"ஏன் டீச்சர்?"

"கேமராவோட புள்ளின்னா நாம எங்க திருப்பினாலும் கூடவே வரும். படத்துல அதே எடத்துலதான் நிக்கும். வானத்தோடதுன்னா மத்த நட்சத்திரங்களோட போயிரும்."

மறுபடி ஒரு படம் எடுத்தார். பேச்சியப்பன் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டார். வாருங்கள் என்று ஜெசிந்தா அழைத்த பிறகுதான் குனிந்து பார்த்தார்.

தேளின் வாலிலிருந்த நட்சத்திரங்கள் எல்லாம் படத்தின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தன. புள்ளியும் அவற்றோடு நகர்ந்து, அதே வளைவுக்கு மேலே, அதே தூரத்தில் இருந்தது. முந்தைய இடத்தில் ஒன்றுமில்லை.

பேச்சியப்பன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு நிமிர்ந்து, ஒரு சின்னப் பிள்ளையைப் போலக் கேட்டார்.

"அப்போ அது என் நட்சத்திரம்தானே டீச்சர்?"

ஜெசிந்தா போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லவேளை அண்ணாச்சி, உங்களோடது இல்ல, வானத்தோடது. இப்ப அனுப்புங்க."