பதினேழு சிவப்புக் கட்டங்கள்

காலை 10.40. பால் குளிரூட்டும் நிலையத்தின் எக்செல் தாளில் பதினேழு கட்டங்கள் சிவப்பு. பழி, அதில் பாலின் வெப்பநிலையைப் பதியும் தற்காலிக ஊழியர் மரியபுஷ்பத்தின் மேல்.

ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் மேலாளர் தணிகாசலம் முறையிட்டார்: “மேடம், என்னைக் கவுக்கத்தான் இந்தம்மா சிவப்பு பூசுது. இன்னிக்கே வேலையை விட்டு நிறுத்துறேன்.”

“நான் பூசல சார். பாலோட சூடு அஞ்சு டிகிரியைத் தாண்டினா கட்டம் தானா சிவக்கும்,” என்றார் மரியபுஷ்பம். “சந்தேகம்னா நீங்களே பச்சை பூசிப் பாருங்க.”

“பூசலைன்னா நினைச்சே? நாலு நாளா பூசுறேன், மாறவே மாட்டேங்குது!”

அதிகாரி பேனாவைத் திறந்தார். “எந்தெந்த நாள், மேனேஜர் சார்?”

அடுத்த மாதம், ஜூன் 9 அன்று புதிய குளிரூட்டும் இயந்திரம் வந்தது. மரியபுஷ்பம் 3.8 என்று பதிந்தார். கட்டம் சிவக்கவில்லை. புதிய மேலாளர் கையெழுத்திட்டார்.