தலைவர் பேச்சைத் தாண்டும் பட்டன்

பேரூராட்சித் தலைவர் வீரபாகு ஊருக்காக ஒரு செயலி விட்டார். திறந்தால் அவர் படம், அடுத்து அவர் பேச்சு. அவ்வளவுதான். அதை எவன் பார்ப்பான்?

ஆபீஸில் தற்காலிகமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ரெஜினாவைக் கூப்பிட்டார்.

"பொங்கலுக்குள்ள ஊரே இதைப் பார்க்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்ல."

எந்தத் தெருவுக்கு எப்போது குழாய்த் தண்ணீர் வரும் என்பதைப் பேச்சுக்குப் பின்னால் சேர்த்தாள் ரெஜினா. பேச்சைத் தாண்ட ஒரு பட்டனும் வைத்தாள். ஊரே போனும் கையுமாக அலைந்தது.

பொங்கல் விழாவில் தலைவர், முன்வரிசை அக்காவிடம் மைக்கை நீட்டினார். "நம்ம ஆப்புல எதும்மா பிடிச்சிருக்கு?"

"உங்க பேச்சைத் தாண்டுற பட்டன்தான், தலைவரே."

கூட்டம் சிரித்தது. தலைவர் ரெஜினாவை முறைத்தார்.

"பட்டனை எடுத்துரட்டுமா, சார்? நாளைக்கே எல்லாரும் ஆப்பையே எடுத்துருவாங்க."

தலைவர் கொஞ்சம் யோசித்தார்.

"இருக்கட்டும்மா. நீயும் இரு."