பின்வாசல் கேட்ட குரல்

பெருச்சாளி மாடக்கண்ணுவுக்கு முதலில் கெடுதல் செய்தது மைனா சுந்தரவல்லிதான். கரிச்சான் குருவி காட்டிக்கொடுத்தது அதற்குப் பிறகு. ஊர் முழுவதும் கரிச்சானைத்தான் திட்டியது. மாடக்கண்ணு மட்டும் வரிசையை மறக்கவில்லை.

அது ஒரு காட்டுக் குளம். அதன் வடகரையில் பெருச்சாளிகள் வளை தோண்டிக் குடியிருந்தன. ஒவ்வொரு வளைக்கும் இரண்டு வாசல். முன்வாசல் எல்லாருக்கும் தெரியும். பின்வாசல் யாருக்கும் தெரியாது. உள்ளேயிருந்து மண்ணை லேசாக அப்பி, வெளியே சருகைப் பரப்பி மறைத்திருப்பார்கள். கீரி முன்வாசலில் நுழைந்தால் பின்வாசலில் ஓடிவிடலாம். அதனால் பின்வாசல் எங்கே என்று ஒரு பெருச்சாளி இன்னொரு பெருச்சாளியிடம் சொல்லாது. கூடப்பிறந்த தங்கையிடம்கூடச் சொல்லாது. அது அந்தக் கரையின் வழக்கம்.

ஒரு நாள் காலை, பூவரச மரத்தின் அடர்ந்த இலைகளுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"கரையில் உள்ளவர்கள் கேளுங்கள்! நாட்டாமைக் கொக்கு பேசுகிறேன்! எல்லா வளைகளையும் பதிவு செய்கிறோம். பின்வாசல் எங்கே என்று ஒவ்வொருவரும் மரத்தடிக்கு வந்து சொல்ல வேண்டும். உச்சிப்பொழுதுக்குள் சொல்லாதவரின் வளை அடைக்கப்படும்!"

குரல் கரகரவென்று நாட்டாமைக் கொக்கின் குரலாகவே இருந்தது. ஆனாலும் மாடக்கண்ணு அசையவில்லை. அவர் எதையும் சுலபத்தில் நம்புகிறவர் அல்ல. 'குளத்து நாட்டாமைக்கு என் பின்வாசல் எதற்கு?' என்று வளைக்குள்ளேயே படுத்திருந்தார்.

அப்போதுதான் சுந்தரவல்லி வாசலில் வந்து குதித்தது.

"என்ன அண்ணாச்சி, இன்னுமா படுத்திருக்கீங்க? எல்லாரும் சொல்லியாச்சு! நீங்க ஒருத்தர்தான் பாக்கி!"

"அது நாட்டாமைதானா?"

"பின்னே? குரல் தெரியாதா எனக்கு? சந்தேகமே வேண்டாம். உங்க வளையை அடைச்சுட்டா, இந்த வயசுல வேற வளை தோண்டுவீங்களா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவரைக் கிளப்பியது. மூன்று வருஷம் தோண்டிய வளை அது. மரத்தடிக்குப் போனார். மேலே பார்த்தார். இலைதான் தெரிந்தது.

"ஆவாரஞ்செடிக்குப் பின்னால், பிளந்த கல்லுக்கு அடியில்" என்றார்.

"நல்லது! பதிவாகிவிட்டது!" என்றது குரல்.

உச்சிப்பொழுதில் கீரி வந்தது. முன்வாசலில் அல்ல. ஆவாரஞ்செடிக்குப் பின்னால், பிளந்த கல்லுக்கு அடியில் வந்தது.

மாடக்கண்ணு உயிர் தப்பியதே பெரிது. பாதி வால் போயிற்று. பின்னங்கால் ஒன்று முடமாயிற்று. வளை கீரிக்குச் சொந்தமாயிற்று. பெயர்ந்துபோன மதகின் கல்லிடுக்கில் போய் ஒண்டிக்கொண்டார். மரத்திலிருந்து பேசியது கரிச்சான் குருவி என்பது அன்று யாருக்கும் தெரியாது. எந்தப் பறவையின் குரலையும் அப்படியே எடுத்துப் பேசும் பறவை அது. இரகசியத்தைக் கேட்டுக் கீரிக்குச் சொல்லும். கீரி வளையைக் கிளறும்போது வெளியே பறக்கும் பூச்சிகள் கரிச்சானுக்குக் கூலி.

கரையில் எல்லாரும் மதகுப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். "இத்தனை வயசாகியும் ஏமாந்துட்டாரே!" என்று சிரித்தார்கள். பிறகுதான் தெரிந்தது: அன்று பின்வாசலைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சோம்பேறித்தனமாகக் கடைசி நேரத்தில் போகலாம் என்று இருந்திருக்கிறார்கள்.

மாடக்கண்ணு மைனாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எல்லாரும் சொல்லியாச்சுன்னு சொன்னியே. யார் சொன்னாங்க?"

"அணில் அப்படித்தான் சொல்லுச்சு அண்ணாச்சி."

"நாட்டாமையைக் கண்ணால பார்த்தியா?"

"பார்க்கல. கேட்டேன். கேட்டதைச் சொன்னேன். நல்லது நினைச்சுச் சொன்னது ஒரு குத்தமா?"

சொல்லிவிட்டு அது பறந்து போயிற்று. அதற்கு வேறு நாலு இடத்தில் சொல்ல வேண்டிய செய்தி இருந்தது.

மாதம் ஒன்று போயிற்று. மாடக்கண்ணுவின் தங்கை பிச்சம்மா ஆறு குட்டிகள் ஈன்றாள். ஒன்றும் இன்னும் கண் திறக்கவில்லை. கீரியை நினைத்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

அந்த நேரம் பார்த்து, பூவரச மரத்திலிருந்து மறுபடியும் குரல் வந்தது. இந்தத் தடவை அதில் தேன் வழிந்தது.

"அன்பான கரைவாசிகளே! நாட்டாமைக் கொக்கு பேசுகிறேன். யாரோ ஒரு திருடன் என் குரலில் பேசி, பாவம், மாடக்கண்ணுவை ஏமாற்றிவிட்டான். உங்களுக்கும் ஆபத்து! உங்கள் பாதுகாப்புக்காகக் காவல் போடப் போகிறேன். பின்வாசல் எங்கே என்று உடனே சொல்லுங்கள். உச்சிப்பொழுதுக்குள் சொல்லாதவர்களுக்குக் காவல் கிடையாது!"

மதகின் இடுக்கில் படுத்திருந்த மாடக்கண்ணுவின் காதில் தன் பெயர் விழுந்தது. 'என்னைக் கெடுத்தது போதாதென்று என் பெயரை வைத்தே பிழைக்கிறானா?' எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. இருந்தும் தங்கையின் குட்டிகளை நினைத்தார். முடக்காலை இழுத்துக்கொண்டு ஓடினார்.

பிச்சம்மா மரத்தடியில் நின்றிருந்தாள். வாயைத் திறந்திருந்தாள்.

"சொல்லாதே பிச்சம்மா!"

"நீங்களா? ஏமாந்த மனுஷர் வந்து எனக்குப் புத்தி சொல்றீங்களா? ஆறு குட்டியை வாயில கவ்விக்கிட்டு நான் எங்கே ஓடுவேன்? காவல் தர்றேன்னு நாட்டாமையே சொல்றாரு!"

"நாட்டாமைதான்! நானே கேட்டேன்!" என்று கிளையிலிருந்து கத்தியது சுந்தரவல்லி.

"நீ பேசாதே" என்றார் மாடக்கண்ணு. பிறகு தங்கையிடம் தணிந்து சொன்னார். "நான் போய் நாட்டாமையைப் பார்த்துட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் நீ வாய் திறக்காதே. அவ்வளவுதான் கேட்கிறேன்."

"உச்சிப்பொழுதுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு!" என்றது மரத்துக் குரல்.

"அவசரம் உனக்குத்தான்" என்று முனகிவிட்டு நடந்தார்.

நாட்டாமைக் கொக்கு நிற்பது தென்கரைச் சேற்றில். குளத்தைப் பாதி சுற்ற வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. மேலே பருந்து வட்டமிட்டது. புதருக்குப் புதர் நின்று நின்று போனார். இரண்டு முறை 'எனக்கென்ன வந்தது, திரும்பிவிடலாம்' என்று நினைத்தார். எப்படியோ போய்ச் சேர்ந்தார்.

கொக்கு ஒற்றைக் காலில் நின்றிருந்தது. வாயில் ஒரு கெண்டை மீன். அதை விழுங்கி முடிக்கும்வரை மாடக்கண்ணு காத்திருந்தார்.

"ஐயா, எங்க பின்வாசலைக் கேட்டீங்களா?"

"பின்வாசலா? அது எனக்கு எதுக்குய்யா? நான் தண்ணிக்கு நாட்டாமை, வளைக்கு இல்லை. இதுவரைக்கும் கேட்டதில்லை. இனியும் கேட்க மாட்டேன். கேட்டா, அது நான் இல்லைன்னு வச்சுக்கோ!"

அது சொல்லி வாய் மூடவில்லை. வடகரையிலிருந்து குரல் மிதந்து வந்தது.

"நாட்டாமைக் கொக்கு பேசுகிறேன்! நேரம் முடியப் போகிறது!"

கொக்கு திடுக்கிட்டு இரண்டாவது காலையும் சேற்றில் ஊன்றியது. "நான் இங்கே நிக்கிறேன். அங்கே பேசுறது யாரு?"

விருட்டென்று பறந்தது. பூவரச மரத்துக்குள் அலகை நீட்டிக்கொண்டு பாய்ந்தது. இலைகளுக்குள்ளிருந்து கரிச்சான் வெளியே சிதறி ஓடியது. அதன் நீண்ட வால் துடிப்பதைக் கரை முழுவதும் பார்த்தது.

மாடக்கண்ணு திரும்பி வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. பிச்சம்மா தலையைக் குனிந்து நின்றாள்.

"பாதி சொல்லிட்டேன் அண்ணே. நேரம் முடியுதுன்னதும் பயந்துட்டேன். தாழம்புதருக்குக் கீழேன்னு சொல்லிட்டேன். எந்தப் பக்கம்னு சொல்றதுக்குள்ள கொக்கு வந்துருச்சு."

மாடக்கண்ணு அவளைத் திட்டவில்லை. திட்ட மூச்சு இல்லை. "கீரிக்குப் பாதி போதும். பழைய வாசலைக் கல்லால அடை. புதுசா ஒண்ணு தோண்டுவோம்" என்றார்.

அடைப்பதை அவள் செய்தாள். தோண்டுவதை அவர் செய்தார். மூன்று காலால் தோண்டினார். புது வாசல் எங்கே வருகிறது என்று யாருக்கும் தெரியாமல் சருகைப் பரப்பினார். கடைசிச் சருகை வைக்கும்போது தாழம்புதரடியில் நகம் கீறும் சத்தம் கேட்டது. கீரி மண்ணைத் தோண்டியது. கல்லில் மோதியது. இன்னொரு இடத்தில் தோண்டியது. அங்கேயும் கல். சலித்துப்போய்ப் புறப்பட்டது.

உள்ளே ஆறு குட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் சுந்தரவல்லி கரை முழுவதும் பறந்து பறந்து சொன்னது. "கரிச்சானை நாமதான் பிடிச்சோம்! ஆரம்பத்துலேயே எனக்கு ஒரு சந்தேகம்! யாரும் பின்வாசலைச் சொல்லாதீங்க!" நாட்டாமைக் கொக்கு அதைக் கூப்பிட்டு, "நல்ல காரியம் செஞ்சே! இன்னும் நாலு பேருக்குச் சொல்லு!" என்று பாராட்டியது. அணில் கைதட்டியது.

மாடக்கண்ணு மதகின் இடுக்கில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டார். கால் விண்ணென்று வலித்தது. அவர் வளையில் இப்போதும் கீரிதான் படுத்திருந்தது. சுந்தரவல்லி மதகின்மேல் வந்து உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, சேதி கேட்டீங்களா?"

"கேட்டேன். என்கிட்டச் சொல்ல வேண்டியது வேற ஒண்ணு உனக்குப் பாக்கி இருக்கு."

"என்னது?"

"நீயே யோசி."

மைனா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து யோசித்தது. அதற்குள் குளத்துக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ பேசுவது கேட்டது. "இதோ வந்துட்டேன்!" என்று பறந்துவிட்டது. 'என் பேச்சைக் கேட்டுத்தானே உங்களுக்கு இந்தக் கதி, மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி' என்ற வார்த்தை இன்றுவரை வரவில்லை. அவரும் அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்யவில்லை.

மரத்திலிருந்து வந்தாலும் மின்னஞ்சலில் வந்தாலும், இரகசியத்தைக் கேட்டு அவசரப்படுத்தும் செய்தியை உரியவரிடம் நேரில் விசாரிக்காமல் நீயும் நம்பாதே, அடுத்தவருக்கும் அனுப்பாதே.